பொங்கலோ பொங்கல் என்று கத்தியவன்

நான் பொய் சொன்னேன். மொழி தெரியாத ஒரு பெண்ணின் தலையில் என் குற்றத்தை இறக்கி வைத்துவிட்டு, மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கி வந்தேன்... சீ!

உங்களுக்கு என்னைத் தெரியாது. நெய்வேலி சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், நல்ல பெயர். என்னோடு ஒரே ஷிப்ட் பார்க்கும் செல்வமும் நானும் லடாக்கில் மலையேறப் போனோம். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் உயரத்தில் ஒரு கிராமம். அங்கே வழிகாட்டி ஏற்பாடு செய்த ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டில் மாமியார், மருமகள், மருமகளின் கைக்குழந்தை.

அன்று மாலை மருமகள் அடுப்பில் பாலை வைத்தாள். வறட்டி எடுத்துவர வெளியே போகுமுன், பாலைக் காட்டி, கையால் கிண்டுவதுபோல் எனக்குச் சைகை செய்தாள். நானும் தலையாட்டினேன்.

பால் ஏறி வந்தது. நம்மூர்ப் புத்தி... கிண்டவில்லை! செல்பேசியில் படம் பிடித்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிய, நானும் செல்வமும் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினோம். அந்த வீட்டுக்கு நல்லது நடந்ததாகவே நினைத்தேன், நம்புங்கள்.

அவள் ஓடி வந்தாள். வறட்டிகளைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கே அடுப்பு தெய்வம். பால் வழிந்து தீயில் கருகினால் தெய்வம் கோபிக்கும், வீட்டில் நோய் விழும் என்பது அவர்கள் நம்பிக்கை. குழந்தைக்கோ காலையிலிருந்தே காய்ச்சல். கருகல் வாடை எட்டியதும் மாமியார் மேல்மாடிப் பூஜை அறையிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் வழிகாட்டியை அழைத்து விசாரிக்கச் சொன்னார். யார் பொங்கவிட்டது?

செல்வம் என் காதருகே, "கம்முனு இருடா. நாளைக்குக் கெளம்பிகினு பூடப் போறோம், நமக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். வாய் என்னுடையது. எங்களுக்குத் தெரியாது, அந்தப் பெண்தான் பாலை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள் என்றேன். அதுவரை தண்ணீர் கேட்கவே தடுமாறிய என் அரைகுறை இந்தி, பொய் சொல்ல மட்டும் தடுமாறவில்லை!

மாமியார் ஏதோ வாசனைத் தழையை நெருப்பிலிட்டு வீடெங்கும் புகை காட்டினார். இனி அடுப்பைத் தொடாதே என்று மருமகளை அடுப்படியிலிருந்து விலக்கினார். அவள் என்னைப் பார்த்தாள். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே... குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி கதவோரக் குளிரில் போய் உட்கார்ந்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு, அவள் பிசைந்து வைத்திருந்த மாவில் ரொட்டி. தின்றேன். இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன்... தூ!

குழந்தைக்கு என்ன ஆயிற்று? கேட்கவில்லை. கேட்கத் துப்பில்லாதவனுக்கு மலை ஒரு கேடா?

ஊருக்கு வந்து அந்த வீடியோவை எல்லோருக்கும் அனுப்பினேன். அவள் ஓடி வரும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டு!

போன வாரம் வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் மாறிப் பால் காய்ச்சினோம். பால் விளிம்புக்கு ஏறியதும் பதறி அடுப்பை அணைத்தேன். மனைவிக்குக் கோபம்.

"இன்னாங்க நீங்க! நல்ல நாளும் அதுவுமா பொங்க வுடாம நிறுத்திட்டீங்க? மலை மேல மட்டும் ஆடிகினு பொங்க வுட்டீங்க, நம்ம வூட்டுக்கு வேணாமா? பத்த வைங்க."

பற்றவைத்தேன். பால் பொங்கி வழிந்தது. வந்தவர்கள் எல்லோரும் கூவினார்கள். கருகல் வாடை மூக்கில் ஏற... நானும் கூவினேன்.