மீன்தொட்டிக்காரர் கண்ணாடி மாற்றிய கதை

மீன்தொட்டிக் கடைக்காரருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் மீனும் தெரியாது, தொட்டியும் தெரியாது. தண்ணீர் மட்டும் குத்துமதிப்பாகத் தெரியும். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் எட்டு. காலையில் எழுந்ததும் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையைத் தடவித் தடவித்தான் கண்ணாடியை எடுப்பார். ஒருநாள் கையில் அகப்பட்டது மனைவியின் கைக்கடிகாரம். அதை மூக்கின்மேல் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு வெளியில பயங்கரப் பனி" என்றாராம். இதை அவர் மறுக்கிறார். மனைவி சத்தியம் செய்கிறாள்.

இப்படிப்பட்டவர் துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர் என்று கேள்விப்பட்டால் யாராக இருந்தாலும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுதான் மேற்கொண்டு பேசுவார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அது வெறும் காற்றுத் துப்பாக்கி. மிளகைவிடச் சற்றுப் பெரிய ஈயக் குண்டு. பத்து மீட்டர் தள்ளி உள்ளங்கை அகலத்தில் ஒரு அட்டை, நடுவில் கறுப்பு வட்டம். பஸ் நிறுத்தி வைத்திருந்த பழைய கொட்டகை ஒன்றில் ஐந்து பேர் வரிசையாக நின்று சுடலாம். மழை பெய்தால் நான்கு பேர்தான். ஐந்தாவது இடத்தில் ஒழுகும்.

அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனவள் மனைவி. மருந்துக் கடையில் வேலை. தட்டில் மாத்திரைகளைக் கொட்டி விரலால் தள்ளித் தள்ளி எண்ணிய கை. பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் நடுங்காது. அவள் காலையில் கிளம்பும்போது இவர் தூங்கிக்கொண்டிருப்பார். இவர் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். வாரம் முழுக்க அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது ஃப்ரிட்ஜ் கதவருகில்தான், அதுவும் யாராவது ஒருவர் பால் தேடும்போது. சனிக்கிழமை மட்டும் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுடுவார்கள். முடிந்ததும் காரில் உட்கார்ந்து ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே, யார் எப்படிக் கோட்டை விட்டார்கள் என்று சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கச் சொன்னால் மீன்தொட்டிக்காரர் கடையையே எழுதித் தந்துவிடுவார்.

ஆபத்து வந்தது அதற்குத்தான். யாரோ சுட்ட குண்டு ஒன்று பின்னாலிருந்த இரும்புத் தகட்டில் பட்டு, வந்த வழியே திரும்பி, கிளப் பொறுப்பாளரின் காபிக் கோப்பையில் டொக்கென்று விழுந்தது. பொறுப்பாளர் ஓய்வுபெற்ற நர்ஸ். கண் வார்டிலேயே காலம் தள்ளியவர் என்பதால் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். சிஸ்டர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"இனிமே பாதுகாப்புக் கண்ணாடி இல்லாம யாரும் துப்பாக்கியத் தொடக்கூடாது."

"நான்தான் கண்ணாடி போட்டிருக்கேனே சிஸ்டர்" என்றார் மீன்தொட்டிக்காரர்.

"இதுவா? இது சாதாரணக் கண்ணாடி. பக்கமெல்லாம் திறந்து கிடக்கு. குண்டு பட்டா இதுவே உடைஞ்சு உள்ள போகும். அப்புறம் உங்க கண்ணுக்குள்ள கண்ணாடிய நான் தேடணும். ஆயுசுக்கும் அந்த வேலை போதும் எனக்கு."

அடுத்த மாதம் ஜோடிப் போட்டி. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து சுடுவார்கள். மீன்தொட்டிக்காரரும் மனைவியும்தான் எப்போதும் ஒரு ஜோடி. ஆனால் இந்த வருஷம் மனைவியின் தம்பி கிளப்பில் சேர்ந்திருந்தான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிறர் தப்பைச் சொல்லியே பழகியவன்.

"மாமா, நீங்க பேசாம ஸ்கோர் எழுதுங்க. நானும் அக்காவும் சுடறோம். உங்க சோடாபுட்டிக்கு மேல இன்னொரு கண்ணாடி போட்டா மூக்கு தாங்குமா?"

"என் மூக்கப் பத்தி உனக்கென்னடா கவலை?"

மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். "ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை ரெண்டு பேரும் பத்துப் பத்து குண்டு சுடுங்க. யாருக்கு ஸ்கோர் ஜாஸ்தியோ அவங்களோட நிக்கறேன். கண்ணாடி இல்லாட்டி சுடவே முடியாது, அது உங்க பாடு" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாளா, நிஜமாகவா என்று அவள் முகத்தில் தேடினார். மாத்திரை எண்ணும் முகம். ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாளே வேட்டை தொடங்கியது. முதலில், போட்டிருக்கும் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி. வாங்கியவுடன் கடையிலேயே மாட்டிக்கொண்டு மீன்களுக்கு இரை போட்டார். தங்கமீன் ஒன்று மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. ஆனால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மூச்சுக்காற்று போய் உட்கார்ந்துகொண்டது. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் ஆவி. மீன்தொட்டி மூடியில் ஆவி படிந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்: ஓரத்தில் ஒரு ஓட்டை போட வேண்டும். போட்டார். அதைப் பார்த்த சிஸ்டர், "பாதுகாப்புக் கண்ணாடியில ஓட்டை போட்ட முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லி அதைத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அடுத்தது உள்கண்ணாடி. வெளியே வழவழவென்று ஒரே கவசம். உள்ளே பவர் போட்ட குட்டிக் கண்ணாடியைக் கொக்கி போல மாட்டிக்கொள்ளலாம். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மைனஸ் எட்டு லென்ஸ் பிஸ்கட் மாதிரி தடிமன். மீன்தொட்டிக்காரருக்கோ ஒட்டகத்துக்குரிய கண்ணிமை முடி. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் முடி கண்ணாடியைப் பெருக்கியது. இமைக்காமல் சுடலாம் என்று முயன்றார். கண்ணில் நீர் கொட்டியது. கொட்டகையில் இருந்தவர்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து அவருக்கு வழிவிட்டு நின்றார்கள்.

"முடியக் கொஞ்சம் வெட்டிட்டா என்ன?" என்றான் மைத்துனன்.

"உன் நாக்க வெட்டலாம்" என்றாள் மனைவி. மீன்தொட்டிக்காரருக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

பிறகு கான்டாக்ட் லென்ஸ். அது கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். மேலே எந்தப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஆவி இல்லை, தடிமன் இல்லை. சிக்கல் ஒன்றே ஒன்று. தன் விரல் தன் கண்ணை நோக்கி வரும்போது மீன்தொட்டிக்காரரின் தலை தானாகப் பின்னால் போனது. குளியலறைச் சுவரில் முட்டும்வரை போனது. மனைவி உதவிக்கு வந்தாள்.

"மேல பாருங்க."

"பாக்கறேன்."

"கண்ணைத் திறந்துட்டுப் பாருங்க."

"திறந்துதான் இருக்கு."

"இது வாய்ங்க. கண்ணைத் திறங்க."

அரை மணி நேரம் கழித்து லென்ஸ் மனைவியின் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பாத்டப்பின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

கடைசியில் கண்ணாடிக் கடைக்கே போனார். பவரையே பாதுகாப்புக் கண்ணாடியில் ஏற்றித் தரச் சொன்னார். உடையாத லென்ஸ், பக்கத்தில் தடுப்பு. கடைக்காரப் பெண் நல்ல பொறுமைசாலி. "ரொம்ப வளைஞ்ச ஃப்ரேம் வேண்டாம் சார், உங்க பவருக்கு ஓரமெல்லாம் அலையடிக்கும். லேசா வளைஞ்சது, அகலமா ஒண்ணு இருக்கு" என்று எடுத்துக் காட்டினாள். அளவெடுக்க உட்காரச் சொன்னாள். அவர் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிப்பது போல முதுகை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, விறைப்பாக உட்கார்ந்தார். அப்படியே அளவெடுத்து அனுப்பினாள். வந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றால் உலகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்தால் கறுப்பு வட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மறுபடியும் கடைக்கு ஓடினார்.

"சுடும்போது நீங்க லென்ஸோட நடுவால பாக்க மாட்டீங்க சார். தலை சாயும்ல, மேல் மூலை வழியாப் பாப்பீங்க. எப்படி நிப்பீங்கன்னு காட்டுங்க, அந்த இடத்துல குறி வச்சு மாத்தித் தரேன்" என்றாள்.

துப்பாக்கியைக் கடைவீதியில் தூக்கிக்கொண்டு வர முடியாது. மூலையில் தரை துடைக்கும் கட்டை இருந்தது. அதை எடுத்துத் தோளில் பொருத்தி, கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, எழுத்து அட்டையைக் குறிபார்த்தார். ஈரத் துணி காதருகே சொட்டியது. அப்போது உள்ளே வந்த வயதான தம்பதி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணுமில்ல சார், அளவெடுக்கறோம்" என்றாள் கடைக்காரப் பெண், பேனாவால் லென்ஸில் புள்ளி வைத்தபடி.

"எங்களுக்கும் இப்படித்தான் எடுப்பீங்களா?" என்று கேட்டார் பெரியவர், கையை இறக்காமலே.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் கண்ணாடி வந்து சேர்ந்தது. மறுநாள் கொட்டகையில் சிஸ்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், பக்கத் தடுப்பைத் தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். "இதுல ஓட்டை எதுவும் போடலியே?" என்று கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மீன்தொட்டிக்காரர் எப்போதும்போல மூன்றாம் இடத்தில் நின்றார். அவருக்கு இடப்பக்கம், இரண்டாம் இடத்தில் மைத்துனன். வலப்பக்கம் மனைவி, துப்பாக்கி இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு.

கன்னத்தைச் சாய்த்தார். வட்டம் ஓடவில்லை. அசையாமல், அழகாக, கூப்பிடு தூரத்தில் நின்றது. துப்பாக்கி முனைக் குறியும் தெளிவாகத் தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக, தான் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுட்டார். ஒவ்வொரு குண்டும் போய்ச் சேர்ந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. பத்தும் முடிந்து துப்பாக்கியைக் கீழே வைத்தபோது, தொட்டியில் புது மீன் விட்டவர் போல மனசு நிறைந்திருந்தது.

சிஸ்டர் அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். மூன்றாம் இடத்து அட்டையில் ஒரு ஓட்டையும் இல்லை. அப்படியே திரும்ப விற்கலாம். மைத்துனன் அட்டையில் இருபது ஓட்டைகள்.

"என்னடா இது, உனக்கு மட்டும் குண்டு குட்டி போட்டுச்சா?" என்றாள் மனைவி.

என்ன நடந்தது என்று புரிய மீன்தொட்டிக்காரருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பழைய கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் குறிபார்க்கும்போது அட்டைகளெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புகைமூட்டம்தான். எண் தெரியாது. அதனால் இடமிருந்து எண்ணுவார். இரண்டாவது வெள்ளை தன்னுடையது. முதல் அட்டை ஃப்ரேமின் விளிம்புக்கு வெளியே ஒளிந்துகொள்வதால் அந்தக் கணக்கு எப்போதும் சரியாகவே வந்தது. புதுக் கண்ணாடி அகலம். ஒளிந்திருந்த முதல் அட்டையும் உள்ளே வந்துவிட்டது. அவர் வழக்கம்போல இரண்டாவதைச் சுட்டார். ஒவ்வொரு அட்டைக்கும் மேலே எண் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது. இப்போது அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் இத்தனை வருஷம் தெரியாத ஒன்றை வாசிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நடுவுல இருக்கற பத்தும் என்னோடது" என்றான் மைத்துனன் உடனே.

சிஸ்டர் அட்டையை அவன் மூக்கருகே நீட்டினார். "உன் குண்டு கூர் முனை. பிச்சுக்கிட்டுப் போகும். மாமாவோடது தட்டை முனை, பஞ்ச் பண்ணின மாதிரி வட்டமா விழும். நடுவுல இருக்கறது எல்லாம் வட்டம். சுத்தி எலி கடிச்ச மாதிரி இருக்கே, அது நீ."

மீன்தொட்டிக்காரருக்கு நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். "ஆனா அடுத்தவங்க அட்டையில சுட்டா பூஜ்யம். சட்டம்னா சட்டம்."

நிமிர்ந்த நெஞ்சு இறங்கியது. "அப்போ அக்காவும் நானும்" என்று மைத்துனன் தொடங்கினான். மீன்தொட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அதைத் துடைக்கத் தேவையே இல்லை. கழற்றினால் யார் முகமும் தெரியாது என்பதுதான் காரணம்.

மனைவி அட்டையை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். வட்டங்கள் வழியே வெளிச்சம் வந்தது.

"சிஸ்டர், ஜோடிப் போட்டியில பக்கத்துல நிக்கறவங்க பேசலாமா?"

"பேசலாம். கத்தத்தான் கூடாது."

"அப்போ நான் இவரோடயே நிக்கறேன்."

"பூஜ்யம் வாங்கினவரோடவா? நீதானக்கா ஸ்கோர்னு சொன்னே" என்றான் தம்பி.

"சொன்னேன்டா. மாத்திக்கிட்டேன். நீ நடுவுல பாத்துச் சுட்டும் ஓரத்துல படுது. அதுக்கு நான் பக்கத்துல நின்னு என்ன பண்ணட்டும்? இவர் பாத்த இடத்துல பட்டிருக்கு. அட்டைதான் தப்பு. 'அது இல்லங்க, இது'ன்னு சொல்றது எனக்கு ஒரு வேலையா? கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிட்டுதான் இருக்கேன்."

தம்பி துப்பாக்கியைப் பைக்குள் வைத்தான். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. "மாமா, கொஞ்சம் இதப் பாருங்களேன், உங்களுக்குத்தான் இப்போ கண்ணு நல்லாத் தெரியுதே" என்றான். மீன்தொட்டிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிக்கலை எடுத்துவிட்டார்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்டார். "என் பக்கத்துலதானே நின்னே. அட்டை மாறிப் போச்சுன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே?"

மனைவி பன்னைப் பிய்த்துப் பெரிய துண்டை அவரிடம் நீட்டினாள். "நான் எங்க பாத்தேன்? நீங்க துப்பாக்கிய எடுத்ததுமே கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்."

"பத்து குண்டுக்குமா?"

"ஒன்பதுக்கு. கடைசிக்கு மட்டும் மெதுவாத் திறந்து உங்க அட்டையப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. சரி, பதட்டத்துல மனுஷன் குண்டே போடாம சுட்டுட்டு இருக்கார், சொன்னா சங்கடப்படுவார்னு விட்டுட்டேன்."