பேருந்து நிறுத்தத்துச் சமாதானம்

எங்கள் சபையார் ஒருவரையொருவர் எங்கே பார்த்தாலும், மீன் சந்தையானாலும் ஆஸ்பத்திரி வரிசையானாலும், "கர்த்தருடைய சமாதானம்" என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்போம். பிரேசிலில், ரெசீஃபே நகரத்தின் மேட்டுத் தெருவில், விடியற்காலைப் பேருந்துக்கு நிற்கும்போது, டல்வீனா அதைப் பதினோரு வருடம் எங்கள் சபை ஜெர்சீனாவிடம் சொன்னாள்.

டல்வீனாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒரே மகள் ரொசில்டா எங்கள் பாடற்குழுவில் இருந்தாள். எங்கள் சபைக்கு ஆகாத சனிக்கிழமை நடனக் கூத்தில் அவளைப் பார்த்ததாக ஜெர்சீனா போதகரிடம் போய் ஓதினாள். பெண்ணைப் பாடற்குழுவிலிருந்து விலக்கினார்கள். திருவிருந்தும் கிடையாது என்றார்கள். அது பொய் என்று தெரிவதற்குள் ரொசில்டா சாவோ பாவ்லோவுக்குப் பேருந்தேறிவிட்டாள். அப்புறம் திரும்பி வரவே இல்லை.

"தினமும் சமாதானம் சொல்லிப் பழகுங்க சிஸ்டர், மனசு பின்னாலேயே வந்துடும்" என்றார் போதகர் டல்வீனாவிடம். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். டல்வீனா மழையிலும் காய்ச்சலிலும் ஒரு நாள் தவறாமல் சொன்னாள். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிரசங்கத்தில்கூட மெச்சினார்கள். மனசு மட்டும் வந்தபாடில்லை.

போன மார்ச்சில் ஒரு காலை, நிறுத்தத்தில் சோளப்புட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அலுத்துப்போச்சு நில்சா. இன்னையிலேருந்து சொல்லப்போறதில்ல. கர்த்தர் கேட்டா கேக்கட்டும்."

ஜெர்சீனா வந்தாள், குடையை மடக்கினாள், காத்திருந்தாள். டல்வீனா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிஸ்டர், ஒண்ணும் சொல்லல? ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

டல்வீனா குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"இப்பத்தான் கேக்கத் தோணிச்சா? எம் பொண்ணு எங்க இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டியா? பொய் சொன்னதுக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை?"

ஜெர்சீனா முகம் வெளுத்துப்போனது. "நீதான் தினமும் சமாதானம் சொன்னியே. மன்னிச்சிட்டேன்னு நெனச்சேன். அதைப் போய்க் கிளற வேண்டாம்னு..."

பேருந்து வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. நாங்கள் மூவரும் ஏறவில்லை. எனக்கிருந்த ஆத்திரத்துக்கு ஜெர்சீனாவை உலுக்கியிருப்பேன். ஆனால் அவள் அன்று சொன்னது உண்மை. நாங்கள் மெச்சிய டல்வீனாவின் பழக்கமே ஜெர்சீனாவை மன்னிப்புக் கேட்பதிலிருந்து காப்பாற்றி வந்திருக்கிறது. நினைத்தால் வெட்கமாக இருந்தது.

ஜெர்சீனா அழுதாள். "பாக்காததைப் பாத்தேன்னு சொன்னேன். மன்னிச்சிடு டல்வீனா. ரொசில்டாகிட்டயும் கேக்கறேன். நம்பர் குடு."

டல்வீனா பேனா தேடி, புட்டுப் பொட்டலத்துக் காகிதத்தைக் கிழித்து, எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

"மன்னிச்சேன்னு என்னால இன்னைக்குச் சொல்ல முடியாது. வாயால சொன்னது போதும். நாளையிலேருந்து சமாதானத்தை நீ முதல்ல சொல்லு. எம் மனசுலேருந்து பதில் வருதான்னு பாக்கறேன்."