கை கழுவிய நாட்கள்

பெங்களூர் ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில் ஒற்றை அறை, அதை ஒட்டி ஒரு சின்ன சமையல் இடம். இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருஷங்களில் நானும் என் அக்காவும் அங்கே இருந்தோம்.

அக்காவின் கணவர் லாரி ஓட்டியவர். அவர் செத்த பிறகுதான் அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது தெரிந்தது. அக்காவுக்கும் இருந்தது. திருப்பத்தூரில் எங்கள் வீட்டில் அம்மா அவளுக்கென்று தட்டும் டம்ளரும் தனியாக வைத்தாள். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கூடத்துக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பொங்கலுக்குப் போன நான் இரண்டு நாள் அதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவளையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

நான் அப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டெண்ட். அமீபா வளர்ப்பதுதான் என் வேலை. மண்ணிலும் குட்டைத் தண்ணீரிலும் தானாக வாழும் ஒற்றைச் செல் உயிர் அது. அதைக் குடுவைகளில் போட்டு, டிக்காஷன் நிறத்தில் ஒரு திரவம் ஊற்றி வளர்ப்போம். நம் உடம்பில் கிருமிகளைத் தேடி விழுங்குகிற காவல் செல்கள் உண்டு. அவை விழுங்கும் விதமும் அமீபா இரையை விழுங்கும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். அந்தச் செல்களை வளர்ப்பது பெரும்பாடு. அமீபா அப்படியில்லை, பெங்களூர் வெயிலுக்கும் குளிருக்கும் சாதுவாகப் பெருகும். ஆகவே வைரஸ் எப்படி உள்ளே நுழைகிறது என்று பார்க்க, முதலில் அமீபாவிடம்தான் கொடுத்துப் பார்ப்போம். நாங்கள் கொடுத்தது ரொம்பப் பெரிய வைரஸ். அமீபா அதைப் பாக்டீரியா என்று நினைத்து ஆசையாக விழுங்கும். சில மணி நேரத்தில் உள்ளேயிருந்தே வெடித்துச் சாகும்.

இந்த அமீபா எனக்கோ ஆய்வை நடத்திய மேடத்துக்கோ ஒன்றும் செய்யாது. ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் உடம்பில் புகுந்தால் மூளை வரைக்கும் போகக்கூடியது. அக்கா வந்த அன்றிலிருந்து எனக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் கையுறை, கோட்டு எல்லாம் உண்டு. வேண்டிய பாதுகாப்பு எல்லாம் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் செருப்பை வெளியே விட்டு, நேராகக் குழாயடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றிய பிறகுதான் அவள் பக்கத்தில் போவேன். அவள் நீட்டும் காபியைக்கூட அதற்கு முன்னால் வாங்க மாட்டேன்.

ஒரு சாயங்காலம் நான் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

"பாப்பா, நான் ஊருக்கே போயிடறேன்."

"ஏன்க்கா?"

"அம்மாவாச்சும் தட்டைத்தான் தனியா வச்சாங்க. நீ நான் இருக்கற வூட்டுக்குள்ள வர்றதுக்கே இப்படித் தேய்ச்சித் தேய்ச்சிக் கழுவுற. நான் குடுக்கற காபியக்கூட அப்புறந்தான் வாங்கற."

சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். அவளைக் கூட்டி வந்ததிலிருந்து அவள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒன்றும் கேட்காமல் காபியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அய்யோ, உங்கிட்டேர்ந்து எனக்கு வரும்னு இல்லக்கா. எங்கிட்டேர்ந்து உனக்கு வந்துடுமோன்னுதான்."

அவள் நம்பவில்லை. ஈரக் கையோடே அவளைக் கட்டிக்கொண்டேன். அமீபா பற்றி அழுதுகொண்டே ஏதேதோ சொன்னேன். பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. கடைசியில் என் முதுகைத் தட்டி, "சரி, சரி. அது எப்படித்தான் இருக்கும், எனக்குக் காட்டு" என்றாள்.

ஆய்வுக்கூடத்துக்கு அவளை அழைத்துப்போக முடியாது. மேடத்திடம் கேட்டு, மைக்ராஸ்கோப்பில் எடுத்த ஒரு வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து பார்த்தோம். திரையில் அமீபா கையையும் காலையும் நீட்டுவதுபோல உடம்பை நீட்டி நீட்டி நகர்ந்தது. புள்ளியாகத் தெரிந்த வைரஸை வளைத்து உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு உருண்டை பிடித்து அசையாமல் கிடந்தது.

"இன்னா ஆச்சு?"

"சாகப்போகுது."

"பாவம். அதுக்கு இன்னா தெரியும், பசிக்குத் தின்னுச்சு." திரையைப் பார்த்தபடியே கேட்டாள், "எனக்கும் இப்படித்தான் ஆகுதா உள்ள?"

இல்லை என்றேன். அது வேற வைரஸ், நுழையற வழியும் வேற, செல்லோட தோலோட தோலா ஒட்டி உள்ள போகும், இது வெறும் மாதிரிதான் என்றேன். நான் சொன்னதெல்லாம் உண்மை. அவளுக்கு அதில் ஒன்றும் ஆகவேண்டியதில்லை. "இன்னொரு தடவை போடு" என்றாள்.

அன்றிலிருந்து நான் கழுவும்போது சோப்பு டப்பாவை அவளே எடுத்து நீட்டினாள்.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் ஊரில் வெளியே தெரியக்கூடாது என்று காட்டாமலே விட்ட மாதங்கள் அதிகம். டிபியும் சேர்ந்துகொண்டது. மாத்திரை உடம்பில் ஏறுவதற்குள் அவள் படுத்துவிட்டாள். மழைக்காலத்தில் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, பாயில் படுத்தபடியே அவள் மூச்சு நின்றது.

ஊருக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்து, கேட்டுவிட்டு, வைத்துவிட்டாள். யாரும் வரவில்லை. கீழ்வீட்டுக்கார அம்மா மட்டும் மாடியேறி வந்தார். கன்னடக்காரர், எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர். அக்காவுக்குப் புடவை மாற்ற அவர் கை வைக்கப் போனபோது, சொல்லிவிடுவதுதான் முறை என்று, "ஆன்ட்டி, அவளுக்கு..." என்று இழுத்தேன்.

"நனகே கொத்தும்மா. ரொம்ப நாளா தெரியும்" என்றார். "நீ தலையைப் பிடி."

மின்மயானத்தில் நானே நின்றேன். மேடமும் ஆய்வுக்கூடத்து ஆட்களும் வந்திருந்தார்கள். மறுவாரம் வேலைக்குப் போனேன். வீட்டுக்கு வந்து கழுவ வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஆனாலும் கை தானாகக் குழாய்க்குப் போகும்.

வெயில் காலம் தொடங்கும்போது அப்பா வந்தார், சொல்லாமல், தனியாக. அறை நடுவில் நின்று, "அவ எங்க படுப்பா?" என்று கேட்டார். ஜன்னலோரத்தைக் காட்டினேன். போய் அங்கே உட்கார்ந்தார். வெகு நேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"கடைசியா இன்னா சாப்ட்டா?"

"கொஞ்சம் மோர்ப்பா."

"அவளே குடிச்சாளா?"

"நான் ஸ்பூன்ல குடுத்தேன்."

தலையாட்டினார். சோறு போட்டேன், சாப்பிட்டார். சாயங்காலம் சில்க் போர்டு பஸ் ஸ்டாப்பில் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காக நின்றோம். பஸ் வந்து, படியில் கால் வைத்தவர் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"அம்மா கேட்டா இன்னா சொல்றது?"

பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். கண்டக்டர் விசில் ஊதினார்.

"மோர் குடிச்சான்னு சொல்லுங்கப்பா" என்றேன்.