முழங்கால் உயரத்தில் இருந்த இரும்பு

பொய் சொன்னது நான்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை.

பண்டத்தரிப்பில் எங்கள் குசினிக்குப் பின்னால் ஒரு வேம்பு நின்றது. வீடு சின்னது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. மரம்தான் பெரியது. காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று மூன்றாவது தடவையும் வெறுங்கையோடு திரும்பிய அன்று அதைத் தறிப்பதென்று முடிவெடுத்தேன். பாளையும் மட்டையும் பொறுக்கி எத்தனை நாள் சமைப்பது? மாரி தொடங்குவதற்குள் மரம் விழுந்து, துண்டாகி, கொத்தி அடுக்கி முடிய வேண்டும். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு இந்த அவசரம் விளங்கும். மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

கணவர் மோட்டார்சைக்கிளில் இருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு குசினி வாசலில் கதிரையில் இருந்தார். கோடாலி தூக்க அவரால் முடியாது. கதைக்க மட்டும் முடியும்.

"வேம்பைத் தறிச்சா வீடு வெக்கையாகும்," என்றார்.

"உங்களுக்குச் சோறு வேணுமோ, நிழல் வேணுமோ?"

"ரெண்டும் வேணும்."

"அப்ப நாளைக்கு நீங்கள் போய் வரிசையிலை நில்லுங்கோ."

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அந்த மரத்துக்குள் இரும்பு இருந்தது. சண்டைக் காலத்தில், நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, கிணற்றடியில் ஒரு செல், பீரங்கிக் குண்டு, விழுந்து வெடித்தது. அம்மா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கிணற்றுக்கும் குசினிக்கும் நடுவில் வேம்பு நின்றது. அப்போது அது என் தொடையளவு பருமன். சிதறிய துண்டுகளில் மூன்று அதன் அடியில் ஏறின. முழங்கால் உயரம். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறேன். சில வருடங்களில் பட்டை மூடிக்கொண்டது. மரம் பருத்தது. பார்த்தால் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் மரம் அரிய வருகிற எவரும் கூலி பேசுவதற்கு முன் இதைத்தான் கேட்பார்கள். இரும்பில் பட்டால் வாள் போய்விடும். சுன்னாகத்தில் இருந்து முதலில் வந்தவருக்கு உண்மையைச் சொன்னேன். மோட்டார்சைக்கிளில் இருந்து இறங்காமலே திருப்பிக்கொண்டு போனார். இரண்டாவது ஆள் போன் எடுத்துச் சொல்வதாகச் சொன்னார். எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் வருவதற்கு முன்பே என்ன சொல்வதென்று தீர்மானித்துவிட்டேன்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். சங்கிலி வாளைச் சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"அக்கா, உதுக்குள்ளை ஆணி, கம்பி, செல் துண்டு ஏதும் கிடக்கோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

தாடையை உயர்த்திக் காட்டினார். காதடியில் தொடங்கி நாடி வரை ஒரு தழும்பு. "இது சாவகச்சேரிப் பக்கம் ஒரு பலா. வீட்டுக்காரர் ஒண்டும் இல்லையெண்டுதான் சொன்னவர்."

அதைப் பார்த்த பிறகும்தான் சொன்னேன்.

"ஒரு ஆணி கிடக்கு, தம்பி." கொடிக்கயிறு கட்டுகிற ஆணியைத் தொட்டுக் காட்டினேன். "வேறை ஒண்டும் இல்லை."

ஆணியைக் காட்டியதால் அவர் என்னை நம்பினார். அதற்காகத்தான் காட்டினேன். கதிரையில் பேப்பர் ஒரு தடவை அசைந்தது. கணவருக்குச் செல் கதை தெரியும். அவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக மரம் வளர்ந்திருக்கிறது. முழங்கால் உயரத்தில் இருந்த இரும்பு இப்போது என் தலைக்கு மேலே போயிருக்கும். அவர் அடியில்தானே அரியப் போகிறார். மரம் விழுந்த பிறகு மேலே இருக்கிற துண்டைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கணக்கை நான் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

அவர் மரத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. நான் விலகி நின்றேன். காலை முழுக்கக் கிளைகளைக் கழித்து இறக்கினார். சோளகக் காற்றுக் காலம் இன்னும் முடியவில்லை. காற்று மேற்கில் இருந்து குசினிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அதனால் மரத்தின் மேற்பாதியில் வடக்கயிறு கட்டி, மேற்கே நின்ற பனையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை என் கையில் தந்தார். விழ வேண்டிய மேற்குப் பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டி எடுத்தார். பிறகு குசினிப் பக்கம் வந்து குந்தியிருந்து, முழங்கால் உயரத்தில் வாளை வைத்தார்.

பாதி போனதும் சத்தம் மாறியது. ஒரு கீச்சு, ஒரு வெடி, பிறகு ஒன்றும் இல்லை. சங்கிலி அறுந்து அவர் காலில் அடித்திருந்தது. காற்சட்டை கிழிந்து கெண்டைக்காலில் இரத்தம் வந்தது. தலைத்துண்டை அவிழ்த்துக் காலில் கட்டினார். வெட்டுக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் எத்தினை?"

"மூண்டு ஏறினது."

"எங்கை?"

"முழங்கால் உயரத்திலை. அது முந்தி. இப்ப மேலை போயிருக்கும் எண்டு நினைச்சன்."

"மேலை?"

"மரம் வளருதல்லோ."

அவர் எழுந்து கொடிக்கயிற்று ஆணியில் கையை வைத்தார். "இது எப்ப அடிச்சது?"

"கலியாணம் முடிச்ச வருசம்."

"அண்டைக்கு எட்டினதோ?"

"ஓம்."

"இண்டைக்கும் எட்டுதுதானே?"

நான் என் கையைப் பார்த்தேன். எத்தனையோ வருடம் நாள் தவறாமல் அதே உயரத்தில் அதே ஆணியில் உடுப்புக் காயப்போட்ட கை இது. மரம் நுனியில்தான் வளரும், அடி பருக்க மட்டும்தான் செய்யும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தோட்டக்காரற்றை மகள்," என்றார் கணவர் கதிரையில் இருந்து. "தேவாலயத்திலை முன் வாங்கிலை இருக்கிறவ வேறை."

"நீங்கள் வாயை மூடுங்கோ."

"நான் மூடிக்கொண்டுதானே இருந்தனான். அதுதான் பிழை."

காற்று அடித்தது. மரம் முனகியது. வெட்டு ஒரு விரற்கடை மூடித் திரும்பவும் திறந்தது. பாதி அரிந்த மரம். குசினி ஓட்டுக்கு நேரே நிற்கிறது. வாசலில் எழுந்து ஓட முடியாத ஒரு மனிதர். மரம் அரிய வந்தவர் வாளைக் கட்டிக்கொண்டு போயிருந்தால் நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்க முடியாது.

"முதல் ஐயாவைத் தூக்குங்கோ," என்றார்.

கதிரையோடு தூக்கி வெளியே ஒழுங்கையில் கொண்டுபோய் வைத்தோம். அவர் நொண்டிக்கொண்டே தூக்கினார். கணவர் வழி முழுக்கத் தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு அரிய வந்தவர் என் கோடாலியை வாங்கினார். விரலால் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உதாலை வெண்ணெய் வெட்டலாம்," என்றார். அதை வைத்தே வெட்டினார். இரும்பு இருந்த நடுவை விட்டு இரண்டு பக்கமும் கொத்தினார். காற்று விழும் நேரம் பார்த்து "இழுங்கோ" என்பார். நான் கயிற்றை இழுத்துப் பனையில் இன்னொரு சுற்றுப் போடுவேன். காற்று எழும்பினால் அவர் விலகி நிற்பார். கயிறு விறைத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரங்களில் நான் செபம் செய்யவில்லை. கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை அப்படி நடந்ததென்று நினைவில்லை. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது.

மரம் மேற்கே விழுந்தது. கிணற்றுத் தொட்டியின் ஒரு மூலையை உடைத்தது. குசினியில் ஓர் ஓடும் அசையவில்லை.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்றார். எங்கள் பக்கத்தில் வேலை செய்த வீட்டில் தேத்தண்ணியை மறுத்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான்: இனி அந்த வீட்டுக்கு வருவதில்லை. அறுந்த சங்கிலியைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். கட்டி முடித்த பிறகு கேட்டார்.

"முன்னம் வந்த ஆக்களுக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம். போட்டினம்."

"எனக்கும் சொல்லியிருந்தா, நான் வாளை விட்டிட்டுக் கோடாலியோடை வந்திருப்பன்."

ஒழுங்கையில் கணவரிடம் "வாறன், ஐயா" என்று சொல்லிக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் கேட்கவில்லை. மறுநாள் போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. அவர் எடுக்காததில் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று யோசித்துப் பார்த்து அதை விட்டுவிட்டேன்.

அவர் வாளால் அரை நாளில் துண்டு போட்டிருப்பார். நான் கோடாலியால் மாரி தொடங்கும் வரை கொத்தினேன். கிளையெல்லாம் முடித்தேன், அடிமரம் முடியவில்லை. முதல் மழையில் பாதி விறகு நனைந்தது. பச்சை வேம்பு நனைந்தால் என்ன புகை வருமோ அந்தப் புகை வந்தது. கணவர் இருமினார், நானும் இருமினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

விழுந்த அடிமரம் இன்னும் கிணற்றடியில் கிடக்கிறது. ஒரு துண்டு இரும்பை நானே கொத்தி எடுத்தேன். மற்ற இரண்டும் உள்ளே இருக்கின்றன. அந்த இடத்தில் கரியால் ஒரு வட்டம் போட்டேன், மழை அழித்தது. பிறகு வாசல் படலைக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்றால் பெரிதாகப் போட்டேன். ஒழுங்கையில் நின்று பார்த்தாலே தெரியும். வாளோடு வருகிற எவரும் இனி என்னிடம் கேட்க வேண்டியதில்லை. இதுவரை ஒருவரும் வரவில்லை.