ஐந்தாவது புள்ளி

கரும்பலகையின் இடது கீழ் மூலையில் வரிசையாக ஐந்து வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் மிளகு அளவுதான் இருக்கும். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்குச் சுண்ணாம்பு தெறித்த மாதிரி தெரியும். பரீட்சை தொடங்கும் முன் அந்தப் புள்ளிகளை வைத்தவர் எங்கள் பள்ளியின் தையல் டீச்சர். துடைத்து அழித்தவன் நான். துடைத்த துணி ஈரமாக இருந்தது. பலகையில் அந்த இடம் மட்டும் கறுத்து, பிறகு மெல்ல உலர்ந்து சாம்பல் நிறமானது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. போன மாதம் நடந்த ஒன்றுக்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் கடலோரச் சாலையை ஒட்டி, எட்டாம் வகுப்பு வரை இருந்த ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது, வேலை தற்காலிகம். எட்டாம் வகுப்புக்கு அப்போது பொதுத் தேர்வு உண்டு. அதில் தேறிவிட்டால் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ சின்னதாக ஒரு வேலைக்கு மனுப் போடலாம். பெண் பிள்ளையானால் டீச்சர் டிரெயினிங் போகலாம். தேறாவிட்டால் ஆண்களுக்கு வலை அல்லது ஆலை வாசல், பெண்களுக்கு மீன் கூடை. என் பாடத்தில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பார்த்துத்தான் என்னை நிரந்தரமாக்க முடியும் என்று மானேஜர் சொல்லியிருந்தார். பள்ளியை நடத்தியவரை அப்படித்தான் அழைப்போம். ஆக, பிள்ளைகள் எழுதியது அவர்கள் பரீட்சை மட்டுமல்ல, என்னுடையதும்கூட. அவர்கள் பயத்தைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என் பயம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

தையல் டீச்சர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். தையல் பாடத்துக்குப் பள்ளியில் மரியாதை கிடையாது, வகுப்பறையும் கிடையாது. கிழக்கு வராந்தாவில் பாய் விரித்துத்தான் நடத்துவார். பிஸ்கட் டின் ஒன்றில் ஊசி, நூல், துண்டுத் துணிகள் வைத்திருப்பார். பரீட்சை நாட்களில் மணி அடிப்பதற்குக் கால் மணி முன்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வராந்தாவில் கூடுவார்கள். யாருக்குக் கை நடுங்குகிறதோ அவர்கள் கையில் ஓர் ஊசியையும் ஒரு முழம் நூலையும் கொடுப்பார். கோத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நடுங்கும் கையில் ஊசிக் காது அகப்படாது. மூச்சை அடக்கி, மெதுவாக விட்டு, மறுபடி முயன்று, கடைசியில் நூல் நுழையும்போது பிள்ளையின் முகம் மாறியிருக்கும். "இம்புட்டு சின்ன ஓட்டையில நூலை விட்டுட்ட. கணக்கு என்ன பெருசா, போ" என்று முதுகில் தட்டி அனுப்புவார்.

பையன்கள் அங்கே ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டு நிற்பதும் காதில் விழும். "இன்னாடா கை இப்டி ஆடுது, அலையில மாட்டுன கட்டுமரம் கணக்கா?" என்பான் ஒருவன். "நீ மூட்றா. உன் வவுறு காத்தாலேர்ந்து கடமுடான்னுகினு கீது, நான் எதுனா கேட்டனா?" என்பான் மற்றவன். எங்கள் தமிழ் ஐயா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "நம்ம டீச்சர் பரீட்சைக்கு ஊசி போடுறாங்கப்பா" என்பார். எல்லோரும் சிரிப்போம். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த எட்டாம் வகுப்பில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர். நான்கு பையன்கள், ஒரு பெண். மீனவர் குப்பத்திலிருந்து எட்டாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் அவள்தான் என்று சொன்னார்கள். வாயால் கேட்டால் எந்தக் கணக்கையும் நான் முடிக்குமுன் விடை சொல்லிவிடுவாள். ஆனால் பரீட்சை என்று உட்கார்ந்தால் ஐந்து பேரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வகுப்பின் ஜன்னல்கள் கிழக்கே கடலைப் பார்த்தவை. வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். செப்டம்பர் பரீட்சைக்குப் பிறகு பெஞ்சுகளை மேற்குச் சுவரைப் பார்க்கத் திருப்பி, கரும்பலகையையும் அங்கே மாற்றி, பரீட்சை நேரத்தில் கிழக்கு ஜன்னல்களைச் சாத்தி வைக்க ஏற்பாடு செய்தேன். மானேஜர் நேரில் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார். தையல் டீச்சர் மட்டும், "ஜன்னலைச் சாத்தாதீங்க சார், பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும்" என்றார். காற்றைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, மேலே உள்ள வெண்டிலேட்டரைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்த மாதப் பரீட்சைகளில்தான் அந்தப் புள்ளிகளை முதலில் கவனித்தேன். பத்து மணிக்கு ஐந்து புள்ளிகள் இருக்கும். பத்தரை மணிபோலத் தையல் டீச்சர் செருப்பில்லாமல் உள்ளே வருவார், ஒரு புள்ளியைக் கீழே இழுத்துக் கோடாக்குவார், போய்விடுவார். குப்பத்துப் பிள்ளைகளில் ஒருவன் அதைப் பார்த்து நீளமாக மூச்சு விடுவான். உடனே குனிந்து மளமளவென்று எழுத ஆரம்பிப்பான். சற்று நேரத்தில் இன்னொரு கோடு, இன்னொருவன் குனிவான். நவம்பர் பரீட்சையில் அவர்கள் ஐந்து பேரும் நல்ல மார்க் வாங்கினார்கள். எனக்கு அது ஒரே விதமாகத்தான் புரிந்தது. விடைகள் எப்படியோ உள்ளே வருகின்றன. இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால் முதலில் போவது என் வேலை.

டிசம்பர் அரையாண்டுப் பரீட்சை முக்கியமானது. அதில் தேறியவர்களைத்தான் பொதுத் தேர்வுக்கு அனுப்புவார்கள். கணக்குப் பரீட்சை அன்று வாடைக் காற்று பலமாக இருந்தது. சாத்திய ஜன்னல்கள் கொக்கியில் கிடந்து அடித்துக்கொண்டன. அலையின் சத்தம் வகுப்புக்குள் கேட்டது. பதினொன்றுக்குள் நான்கு கோடுகள் விழுந்திருந்தன. நான்கு பையன்களும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது புள்ளி அப்படியே இருந்தது. அந்தப் பெண் பேனாவை மைக்கூட்டில் நட்டுவிட்டு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஈரத் துணியை எடுத்து அந்த மூலை முழுவதையும் துடைத்தேன்.

நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தையல் டீச்சர் வாசலில் வந்து நின்றார். ஓடி வந்திருப்பார்போல, மூச்சு வாங்கியது. "சார், ஒண்ணே ஒண்ணு. அந்தப் பிள்ளைக்கு மட்டும்" என்றார்.

"பரீட்சை முடியிற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வரக்கூடாது, டீச்சர்" என்றேன், எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவைச் சாத்தினேன். சற்று நேரத்தில் பியூன் வந்து, கேட்டில் யாரோ ஒருவன் நிற்பதாகவும், ஒரு நிமிஷம் உள்ளே தலை காட்டிவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சுவதாகவும் சொன்னான். வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தேன். இடுப்பில் ஒற்றைத் துணி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, தோளில் நனைந்த கயிறு. பரீட்சை நடக்கிறது, துரத்தி விடு என்றேன். பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பெண்ணின் தாளை வாங்கினேன். பெயர், எண், முதல் கணக்கில் இரண்டு வரி. அவ்வளவுதான்.

உடனே உட்கார்ந்து மானேஜருக்குக் கடிதம் எழுதினேன். தையல் டீச்சர் பரீட்சை நேரத்தில் கரும்பலகையில் ரகசியக் குறிகள் போட்டு மாணவர்களுக்கு உதவுகிறார், என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிப் பியூனிடம் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகுதான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தேன். முறையாகச் செய்வதென்றால் அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

"அது இன்னா கோடு? யாருக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்று அவள் பேச்சிலேயே மிரட்டினேன்.

அவள் அழவில்லை. "ஒண்ணும் சொல்லிக் குடுக்கல சார். எங்க நைனாங்க மரம் கரை ஏறிச்சுன்னா டீச்சர் கோடு போடுவாங்க. ஜன்னல நீங்க சாத்திட்டீங்கள்ல, அதான். வாடைக் காத்துல அலை ஒசரமா கீது சார், போன வருசம் எங்க சித்தப்பா திரும்பி வர்ல." பிறகு பலகையைப் பார்த்தாள். "என் புள்ளியை நீங்க அழிச்சிட்டீங்க. அழிச்சா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெர்ல சார்."

கட்டுமரங்கள் விடியுமுன் போய்ப் பத்து பதினொன்றுக்குத் திரும்பும். கட்டுமரப் பாயின் ஒட்டுத் துணியையும் சாயத்தையும் வைத்து யாருடையது எது என்று வராந்தாவில் உட்கார்ந்தே சொல்லிவிடுவார் தையல் டீச்சர். அவரும் கடற்கரையில் பிறந்தவர்தானே. நான் வேடிக்கை என்று நினைத்தது பிள்ளைகள் தங்கள் அப்பாக்களைத் தேடிய பார்வை. கேட்டில் நனைந்து நின்றவர் யார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இங்கேதான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. இதுவரை நடந்ததை அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். மானேஜர் வீடு அடுத்த தெரு. பியூன் வழியில் டீ குடிக்காமல் போகிறவன் அல்ல. ஓடியிருந்தால் கடிதத்தைப் பிடுங்கியிருக்கலாம். கேட் வரை போனேன். அங்கே நின்று, கடிதத்தைத் திரும்ப வாங்கினால் மானேஜர் என்ன நினைப்பார், அவசரக்காரன் என்பாரா, ஜூன் மாதம் நிரந்தரமாக்கும் பட்டியலில் என் பெயரை எழுதுவாரா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே நின்றேன். பியூன் திரும்பி வருவது தெரிந்ததும் உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து விசாரணை. தையல் டீச்சர் புள்ளிகளைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். "பிள்ளைக்கு அவ அய்யா வந்தாச்சுன்னு தெரியணும்லா, தெரிஞ்சாத்தான கை ஓடும்" என்றார். மானேஜர் என் பக்கம் திரும்பி, "இந்தக் கதையெல்லாம் உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். டீச்சரும் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் என்னிடம் பேசியது அவருக்குத் தெரியும்.

"தெரியாது சார்" என்றேன்.

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். பிஸ்கட் டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகும்போது என் வகுப்பு வாசலில் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஒரு பரீட்சை வச்சுப் பாருங்க சார். நல்லா எழுதுவா" என்று மட்டும் சொன்னார். மறுபரீட்சை வைக்க நான் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என் பொய் வெளியே வரும். மார்ச்சில் பொதுத் தேர்வுக்குப் போனவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஜூன் மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

அடுத்த வருஷம் பெஞ்சுகளைப் பழையபடி கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். காற்றோட்டத்துக்காக என்று காரணம் சொன்னேன். தையல் டீச்சர் மீஞ்சூர் பக்கம் ஒரு பள்ளியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன். எண்ணூரில் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பிவிட்டேன். இன்னொரு ஞாயிறு போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

இருபது வருஷம் கழித்து ராயபுரத்தில் மீன் வாங்கப் போனபோது, கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னா சார், கணக்கு வாத்தியாருதானே நீங்க? முடியெல்லாம் எங்க போச்சு?" அவள்தான். பக்கத்துக் கடைக்காரியிடம், "எங்க சாரு. பெருக்கல் வாய்ப்பாடு தப்பா சொன்னா கொட்டுவாரு" என்று பெருமையாகச் சொன்னாள். பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கி நைனா பத்திரமாத்தான் சார் வந்துச்சு. டீச்சரை கிளாசுக்குள்ள வுடலன்னு கேள்விப்பட்டு, மூஞ்சக் காட்டிட்டுப் போலாம்னு கேட்டாண்டயே நின்னுகினு இருந்துச்சாம். எவனோ தொரத்தி வுட்டானாம்" என்றாள். எவனோ என்பது நான்தான் என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. மீனை ஆய்ந்துகொண்டே அவள் சொன்னாள்: "எம் பொண்ணு இப்போ எட்டாவது சார். அதுக்குப் பரீட்சைன்னா அவங்கப்பனை அன்னிக்கிக் கடலுக்கே வுட மாட்டேன். வூட்டாண்டயே குந்துன்னுடுவேன்."

போன மாதம் என் மனைவிக்கு ஆபரேஷன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் ரிப்போர்ட்டுகளில் போட்ட கையெழுத்து வரவில்லை. பெயரின் பாதியில் பேனா நின்றுவிட்டது. நர்ஸ், பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு போனாள். பத்து மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. கையிலிருந்த செய்தித்தாளில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது என்ன வரி என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டரை மணிக்கு, வாளியோடு வெளியே வந்த ஆயா ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னா பெரீவரே, இன்னும் நின்னுகினே கீறீங்க. அம்மாக்கு நல்லபடியா முடிஞ்சிச்சு. முழிச்சிகினு கீறாங்க. குந்துங்க."

அவள் அதைச் சொல்ல வேண்டியவள் அல்ல. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் உட்கார்ந்தேன். மூச்சு நீளமாக வெளியே போனது. அந்தப் பையன்கள் விட்ட மூச்சு அது. செய்தித்தாளைப் பிரித்தேன்; எழுத்துகள் தெரிந்தன. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளின் இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி வைத்தேன். அதைக் கீழே இழுத்துக் கோடாக்கினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.