தண்ணீரைக் கட்டி வைத்தவள்

கண்டியில் மதில்களுக்கு மூக்கு ஒழுகும். நக்கலுக்குச் சொல்லவில்லை. வேலை மாற்றலாகி இங்கே வந்த முதல் வாரம், கெலிஓயாவில் பஸ்ஸுக்கு நடந்து போகிற வழியில், மலைச்சரிவைத் தாங்கி நிற்கும் பெரிய கருங்கல் மதில் ஒன்றைப் பார்த்தேன். அதில் வரிசையாகச் சொருகியிருந்த குழாய்த் துண்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பதறிப்போய்ப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஓடினேன். "ஐயா, பைப் உடைஞ்சு தண்ணி வீணாப் போகுது, ஆருக்காவது சொல்லுங்கோ" என்றேன். அவர் மதிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "யாழ்ப்பாணமா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றதும் போத்தலைத் திறந்து ஒரு டொபி எடுத்துத் தந்தார். ஏன் தந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தத் துளைகள் வேண்டுமென்றே விடப்பட்டவை. மதிலுக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியே வரவேண்டும். வராவிட்டால் மதிலையே தள்ளிவிடும். பிறகு நான் பொறியியல் படிக்கத் தொடங்கியபோது இதைப் பரீட்சையில் படம் கீறி எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். எழுதியது மூளைக்குப் போனது, உடம்புக்குப் போகவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு முப்பத்தாறு வயது. வடமராட்சியில் பிறந்தவள். யுத்தத்தில் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் உயர்தரப் பரீட்சை எழுதினேன், பல்கலைக்கழகம் கைக்கெட்டாமல் போயிற்று. பிறகு ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வேலை கிடைத்து, மாற்றலில் கண்டிக்கு வந்தேன். கிழமை நாட்களில் கவுண்டரில் உட்கார்ந்து மூன்று மொழியில் சிம் மாற்றிக் கொடுப்பேன். வார இறுதியில் சிவில் பொறியியல் வகுப்பு. பாடமெல்லாம் சித்தியெய்திவிட்டேன். மிச்சம் இருந்தது ஆறு மாதத் தொழிற்பயிற்சி ஒன்றுதான். அதை இந்த வருடத்துக்குள் தொடங்காவிட்டால் பதிவு காலாவதி, இத்தனை வருடப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளி. யாராவது ஒருவர் என்னைப் பயிற்சிக்கு எடுப்பதாகக் கடிதம் தந்தால், சம்பளமில்லா லீவு தரலாம் என்று எங்கள் முகாமையாளர் சொல்லியிருந்தார். யார் அந்த ஒருவர் என்பதுதான் தெரியவில்லை.

ட்ரெயினிங் கேட்டு ஏறி இறங்கிய இடங்களில் எனக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகும். ஓர் இடத்தில் வரவேற்பு மேசைப் பெண் என் சான்றிதழ்க் கோப்பை வாங்காமலே "தம்பிக்கா மிஸ்?" என்று கேட்டாள். இன்னோரிடத்தில் பெரிய பொறியியலாளர் என்னை உற்றுப் பார்த்து முகம் மலர்ந்தார். சரி, வேலை ஆயிற்று என்று நினைத்தேன். "மிஸ்தானே என்னுடைய சிம்மை மாற்றித் தந்தது? இன்னும் சரியாக வேலை செய்வதில்லை" என்று சிங்களத்தில் சொல்லிப் போனை நீட்டினார். என் கை தானாகவே அதை வாங்கிவிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தேன். "பொஹோம ஸ்துதி" என்று மனமார நன்றி சொன்னார். ட்ரெயினிங்குக்கு இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்களாம்.

கடைசியில் தெல்தோட்டை வீதியில் மதில் கட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஒப்பந்தக்காரர், ஒரு கிழமை வந்து பார்க்கச் சொன்னார். சைற்றுக்குப் பொறுப்பான பொறியியலாளர் செல்வகுமார், நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர், வயது இருபத்தெட்டு. அவருக்குப் பிடித்தால் கடிதம், இல்லாவிட்டால் இல்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். முதல் நாளே மரியாதையாக "குட் மோர்னிங் சேர்" என்றேன். அவர் கூசிப்போனார். "ஐயோ அக்கா, சேர்னெல்லாம் கூப்பிடாதீங்க. எங்க பெரியக்கா வயசு உங்களுக்கு." பணிவாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. பக்கத்தில் போய் நின்று இருமுவேன்.

அந்த மதில் பாதி உயரம் எழும்பியிருந்தது. கட்டிய பகுதி காய்ந்து வெடிக்காமலிருக்கக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றவேண்டும். சைற்றில் குழாய் இல்லை. வேலைக்கு வந்த பெண்கள் இரண்டு வளைவு தள்ளியிருந்த மலை ஊற்றுப் பீலியிலிருந்து பிளாஸ்டிக் கலன்களில் பிடித்துத் தூக்கி வந்தார்கள். பின்னேரமானால் மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, அவர்கள் சுமந்ததைவிட நூறு மடங்கு தண்ணீர் எங்கள் கண் முன்னாலேயே பள்ளத்துக்கு ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வீடு கட்டிய காலம் நினைவுக்கு வந்தது. அப்பா கொங்கிறீற் தட்டுப் போட்ட அன்று மாலையே, அதன் விளிம்பைச் சுற்றிக் களிமண்ணால் வரம்பு கட்டினார். கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றி, குளம் போல நிறுத்தி வைத்தோம். வரம்பில் சின்னக் கசிவு தெரிந்தாலும் அப்பா சத்தம் போடுவார். கோடையில் வாளி அடியில் முட்டும் கிணறு அது. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போகும். மழை வந்தால் வீட்டிலிருக்கும் சட்டி பானையெல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பவர்களை எங்கள் ஊரில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாம் நாள் செல்வகுமார் சாமான் எடுக்கக் கண்டிக்குப் போயிருந்தார். நான் வேலையாட்களைக் கூப்பிட்டு, மதிலுக்குப் பின்னால் நிரப்பியிருந்த மண்ணின் மேல் நீளமாக ஒரு பாத்தி வெட்டி, சுற்றிவர வரம்பு கட்டச் சொன்னேன். மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் அதில் தங்கும், இனி யாரும் கலன் தூக்கத் தேவையில்லை. மிஸ் சொன்னால் சரி என்று கட்டினார்கள். கட்டி முடிய மழையும் வந்தது. பாத்தி நிறைந்து தளும்பியதைப் பார்த்து, கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை செல்வகுமார் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. மதிலைப் பார்த்தவுடனே போட்டுவிட்டு ஓடி வந்தார். துளைகளெல்லாம் சேறாகக் கக்கிக்கொண்டிருந்தன. ஏறிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"அக்கா, இங்க யாரு தண்ணி கட்டி வெச்சது?"

"நான்தான். மதிலுக்கு ஊத்த எண்டு…"

"மதிலுக்கு ஊத்தவா, மதிலத் தள்ளவா?"

மண்வெட்டியைப் பிடுங்கி வரம்பை ஓரத்தில் வெட்டிவிட்டார். சிவப்புத் தண்ணீர் திமிறிக்கொண்டு வடிகானுக்குள் பாய்ந்தது. நான் படம் கீறிப் புள்ளி வாங்கிய பாடம் அது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எங்க லயத்து வீட்டுல விடாம மழை பேஞ்சா அப்பா மண்வெட்டியத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓடுவாரு. தண்ணி நின்னா மண்ணு வரும்க்கா. மண்ணு வந்தா அப்புறம் வீடும் இல்ல, ஆளும் இல்ல."

"எங்கட ஊரில மழை வந்தா வாளியைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுவம்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அதற்குள் கீழே ஒரு கூச்சல். வெட்டிவிட்ட தண்ணீர் வடிகானை மேவி, கீழ் வீட்டு முற்றத்துப் புல்லில் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணிகளைச் சேறாக்கிவிட்டது. "அனே, மகே ரெதி!" என்று தன் துணிகளுக்காக அலறி, தலையில் கைவைத்துக்கொண்டு அந்த வீட்டு அம்மா மேலே ஏறி வந்தார். சைற்றைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை முறைப்பாடு செய்தவராம். வெள்ளத்துக்கு அஞ்சாத செல்வகுமார் அவரைக் கண்டதும் சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் இறங்கிப் போனேன். கவுண்டரில் இத்தனை வருடம் இருந்து பழகியது இதுதான்: கோபத்தோடு வந்தவரை முழுவதும் பேசவிடவேண்டும், நடுவில் குறுக்கே விழக்கூடாது. அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றேன். பிறகு சிங்களத்தில், தண்ணீரைக் கட்டி வைத்தது நான்தான் என்று சொல்லி, துணிகளைச் சேற்றிலிருந்து அள்ளி எடுத்து, அவருடைய கிணற்றடியிலேயே உட்கார்ந்து தோய்க்கத் தொடங்கினேன். அவர் உள்ளே போய் ஒரு பிளேன்டீயும் சக்கரைத் துண்டும் கொண்டுவந்தார். நான் புறப்படும்போது தன் போனில் சிக்னல் வராததைப் பற்றியும் கேட்டார். அதையும் பார்த்துக் கொடுத்தேன்.

ஈரச் சட்டையோடு மேலே ஏறி வந்து என் சான்றிதழ்க் கோப்பை எடுத்தேன், போய்விடத்தான். செல்வகுமார் மறித்தார். "அக்கா, திங்கக்கிழமையே வந்துருங்க. லெட்டர் நான் வாங்கித் தர்றேன். ஆளுங்களோட பேசுறத நீங்க பாத்துக்கங்க. தண்ணிய நான் பாத்துக்குறேன்."

கேட்டுக்கொண்டிருந்த வரம் கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோசத்தோடு கோபமும் சேர்ந்தே வந்தது. எந்தக் கவுண்டரிலிருந்து எழும்பிப் போக இத்தனை வருடம் படித்தேனோ, அந்தக் கவுண்டரே மலையேறி வந்து எனக்கு ட்ரெயினிங் வாங்கித் தந்திருக்கிறது. "தண்ணியையும் நான்தான் பாப்பன், சேர்" என்றேன். இந்த முறை அவர் தடுக்கவில்லை.

இப்போது மூன்றாவது மாதம். போன ஞாயிறு மாலை கெலிஓயாவில் பேய் மழை. நான் வாடகைக்கு இருக்கும் அறையின் கூரையோரத்தில் வழக்கம்போல வாளியை வைத்தேன். வீட்டுக்காரி பரீதா ராத்தா எட்டிப் பார்த்தார். "பைப்புல தண்ணி வருது தங்கச்சி, ஒங்கள இன்னமும் இந்த வாளி விடல்லையா?" அவருக்குச் சிரிப்பு. எனக்கு ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் பயம். வாளி நிறைய நிறைய, வீட்டின் பின்மதிலில் எத்தனை துளை இலையடைத்துக் கிடக்கிறதோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. குடையையும் ஒரு கம்பியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அப்போதுதான் ஊரிலிருந்து அப்பா கோல் எடுத்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"என்ன பிள்ளை, அங்கை மழையோ?"

"ஓம் அப்பா, நல்ல மழை."

"இஞ்சையும் அடிச்சு ஊத்துது. கிணறு அரைவாசிக்கு வந்திட்டுது." அவர் குரலில் கலியாண வீட்டுக் களை. "ஒரு சொட்டும் வீணா விட்டிடாதை, என்ன?"

"ஓம் அப்பா" என்றேன். கம்பியைத் துளைக்குள் விட்டு ஓங்கிக் குத்தினேன். அடைபட்டிருந்த தண்ணீர் பீறிட்டு வந்து, என் காலை நனைத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது.