பல்லக்கா வாலாக நடந்த நாள்

செயற்கைப் பல் செய்யும் லேபில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே முக்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். உட்கார்ந்து என்பது ஒரு பேச்சுக்குத்தான். கை மெழுகில் பல்லைப் பதித்துக்கொண்டிருக்கும், கால் மேஜைக்கு அடியில் இல்லாத தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்தாலும் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடைதான். பஸ் ஓட்டும் அவள் கணவர் சோபாவில் சாய்ந்தபடி சொல்வார்: "நான் நாள் பூரா ஓட்டிட்டு வந்து உக்கார்றேன். நீ நாள் பூரா உக்காந்துட்டு வந்து ஓடுற."

கண்ணாடி மாற்றப் போன கடையில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஞாயிறுதோறும் மலை நடை, யாரும் வரலாம். கடைக்காரரும் அந்தக் குழுவில் ஒருவர். அறுபத்தேழு வயது, ஆமை நடை. அவள் அங்கேயே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை போனில் செய்தி வந்தது. "நாளைக்கு எல்லாரும் வெங்காயமா வாங்க. பூட்ஸ் குட்டி போட்டா பிளாஸ்திரி அவங்கவங்க பொறுப்பு."

கணவர் அதை வாங்கிப் படித்தார். "வெங்காயமா வரணுமாம். நீ இப்படியே போ, போதும்."

அவரை முறைத்துவிட்டு, இரண்டு கிலோ வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அடிவாரத்தில் அதைப் பார்த்ததும் குழுவை நடத்தும் பிளம்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ அக்கா! மெல்லிசா நாலு உடுப்பு, ஒண்ணு மேல ஒண்ணு போட்டுட்டு வரணும். வேர்த்தா உரிச்சுக்கணும், குளுந்தா மாட்டிக்கணும். அதான் வெங்காயம்."

அன்றே அவளுக்குப் பல்லக்கா என்று பேர் விழுந்தது. மற்றச் சொற்களும் ஒவ்வொன்றாய்ப் பிடிபட்டன. உச்சி வந்துவிட்டது என்று ஏறிப் பார்த்தால் பின்னால் இன்னொன்று நிமிர்ந்து நிற்குமே, அது பொய்மண்டை. குதிகாலில் கொப்புளம் வந்தால் பூட்ஸ் குட்டி போட்டுவிட்டது. பிளம்பர் "பத்து நிமிஷம்" என்றால் ஒரு மணி நேரம். எல்லாருக்கும் கடைசியில் நடந்து யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்பவர் வால். சிரிக்காமல் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று, மூணு றல். உளறல், இடறல், தவறல். பேச்சு குழம்பி, கால் தடுக்கி, கையில் பிடித்தது நழுவினால் உடம்பு குளிரில் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சொல் வசப்பட்ட அளவுக்குக் கால் வசப்படவில்லை. யாராவது தண்ணீர் குடிக்க நின்றால் அவளுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும். ஐந்தாவது வாரம் எல்லாரையும் முந்திப் போய், பாதை பிரியும் இடத்தில் தவறான பக்கம் இறங்கிவிட்டாள். நாற்பது நிமிஷம் குழுவே தொண்டை கிழியக் கத்தித் தேடியது.

பிளம்பர் திட்டவில்லை. "அடுத்த வாரம் நீங்கதான் வால்" என்றார். "யாரையும் முந்தக் கூடாது. கடைசி ஆளை விட்டு ஒரு அடி நகரக் கூடாது."

கடைசி ஆள் வேறு யார், கண்ணாடிக் கடைக்காரர்தான். இரண்டு வாரத்துக்கு முன் புதுப் பல்செட் கட்டியிருந்தார், அவள் கையால் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் பேசுவதை எல்லாரும் கிண்டலடித்தார்கள். அவரோ பாசியைக் கண்டால் குனிவார், பறவை கத்தினால் அண்ணாந்து பார்ப்பார். அவள் பின்னால் நின்று பல்லைக் கடித்தாள். "சார், அந்தப் பாசி அடுத்த வாரமும் இங்கயேதான் இருக்கும்." "நானும் இருக்கணுமேம்மா" என்றார் அவர்.

பாதி மலையில் மழை பிடித்தது. கூடவே மூடுபனியும் காற்றும். அவருடைய மழைச்சட்டையின் தையல் விட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அரை மணி கழித்துச் சமதரையிலேயே கால் தடுக்கினார். தண்ணீர்ப் போத்தல் கைநழுவி உருண்டது. அதை எடுக்காமலே, "கடை ஷட்டரை இறக்கிட்டியா?" என்று அவளைக் கேட்டார்.

"அண்ணே! சார் ஒரு மாதிரி பேசுறாரு!" என்று முன்னால் கத்தினாள்.

பனிக்குள்ளிருந்து சிரிப்புத்தான் வந்தது. "புதுப் பல்லு, அப்படித்தான்க்கா உளறும்!" காலடிச் சத்தம் தேய்ந்து போயிற்று.

ஆனால் பல்லைப் பற்றி அவளுக்கா தெரியாது? செட் சரியாக உட்காராவிட்டால் 'ச' விசிலடிக்கும், கொஞ்சம் காற்றுப் போகும். இங்கே இழுபட்டது நாக்கு. மூன்று றலும் வந்துவிட்டது.

ஓடு, ஓடிப்போய்க் கூட்டி வா என்றன கால்கள். வால் நகரக் கூடாது. அவரைப் பாறை மறைவுக்கு இழுத்து, பைகளை அடியில் போட்டு உட்கார்த்தினாள். நனைந்ததை உரித்துவிட்டுத் தன் வெங்காயத்தின் உள்தோல்கள் இரண்டை அவருக்கு மாட்டினாள். பிளாஸ்டிக் விரிப்பை இருவருக்குமாகச் சுற்றி, அவரை இறுக அணைத்துக்கொண்டாள். ஃபிளாஸ்கில் இருந்த சர்க்கரைத் தேநீரை வாய் வாயாகக் கொடுத்தாள். வாலுக்கென்று கொடுத்திருந்த விசிலை நிமிஷத்துக்கு ஒரு தரம் மூன்று முறை ஊதினாள்.

பிறகு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கையில் பார்த்த வேலைகளில் அதுதான் கடினம். அசைந்தால் விரிப்பு விலகும், குளிர் புகும். தொடை துடித்தது, பாதம் தரையைச் சுரண்டியது. வாய் மட்டும் நிற்காமல் ஓடியது. "தூங்காதீங்க சார். என் கண்ணாடிக்கு எவ்வளவு பவர், சொல்லுங்க." அவர் தப்பாகச் சொன்னார். மறுபடி கேட்டாள். எத்தனையாவது முறையோ, சரியாகச் சொன்னார். அப்போது அவளுக்கு அழுகை வந்தது.

மேலே தலை எண்ணியபோது இரண்டு குறைந்திருக்கிறது. பிளம்பர் மூச்சிரைக்க ஓடி வந்தபோது ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "சிரிச்சது நான்தான்க்கா" என்றார்.

"அதெல்லாம் அப்புறம். தூக்குங்க மொதல்ல."

கண்ணாடிக்காரர் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். பல்செட்டுக்கு ஒரு சேதமும் இல்லை.

"அப்போ இனிமே ஒரு இடத்துல உக்காருவ" என்றார் கணவர், ஆசையாக. அவள் அப்போதும் நடந்துகொண்டேதான் இருந்தாள்.

குழுவில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு வாரம் அவள் வால், மறுவாரம் முன்னால். வாலாகும் ஞாயிறுகளில் அவளிடம் பேச்சுக் கொடுக்க யாரும் துணிவதில்லை, அவ்வளவு சிடுசிடுப்பு. முன்னால் போகும் ஞாயிறுகளில் வழக்கம்போலப் பறக்கிறாள். பாதை பிரியும் இடம் வந்தால் மட்டும் நிற்கிறாள். கடைசி ஆளின் தொப்பி வளைவில் தெரியும்வரை, நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நடந்துகொண்டிருக்கிறாள்.